ரத்தம் போய்ச் சேர்ந்தால் கை பிழைக்கும்

சென்னைப் புறநகரான கோவில்பதாகையில் விடிகாலை என்பது வேலைக்குக் கிளம்புகிறவர்களின் நேரம். ஏரியை ஒட்டிய தெருக்களிலிருந்து பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் ஆவடி நிலையத்துக்கு வந்து, மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்கோ பட்டரவாக்கத்துக்கோ போகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 1960களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் இந்தப் பகுதியின் போக்கையே மாற்றிவிட்டன. ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்த ஊர்களின் அடுத்த தலைமுறை லேத், பவர் பிரஸ், வெல்டிங், தையல் மிஷின் என்று கைத்தொழிலுக்கு வந்தது. இங்கே ஒரு குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் ஒருவரின் இரண்டு கைகளில்தான் இருக்கிறது.

அந்தக் கை பிரஸ்ஸுக்குள் சிக்கிவிட்டால் என்ன செய்வது? பைக்கில் போனவரின் கால் லாரிச் சக்கரத்தில் மாட்டினால்? அடுப்படியில் தீப்பிடித்துக் கழுத்துத் தோல் மோவாயோடு ஒட்டிக்கொண்டால்? குழந்தை பிளந்த உதட்டோடு பிறந்தால்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்வது ஒரே துறை. சீரமைப்புப் பிளாஸ்டிக் சர்ஜரி. நடிகர் நடிகையரின் மூக்கைத் திருத்தும் வேலை என்றே பலரும் இதை நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அரசு மருத்துவமனைகளில் இந்தத் துறையின் படுக்கைகளில் இருப்பவர்கள் கூலித் தொழிலாளர்கள், தீக்காயம் பட்ட பெண்கள், விபத்தில் அடிபட்டவர்கள், குழந்தைகள்.

இந்தத் துறையில் எத்தனையோ முறைகள் உண்டு. ஆனால் மருத்துவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தச் சதைக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் கிடைத்தால் அறுந்ததை ஒட்டலாம், இல்லாததை உண்டாக்கலாம். கிடைக்காவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது கறுத்து உதிர்ந்துவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். விபத்து நடந்த இடத்தில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும்.

மூக்கில் தொடங்கிய பாடம்

அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு சீராக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை பேசுகிறது. பின்னாளில் நெற்றித் தோலைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவின் சில பகுதிகளில் வழிவழியாக நடந்துவந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792இல் திப்புவின் வீரர்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனே அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் புது மூக்கு அமைத்தார். இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் நீண்ட காலம் ஆராய்ந்து, 1814இல் அதே முறையில் அறுவை செய்தார். மேற்கு உலகின் நவீன பிளாஸ்டிக் சர்ஜரி அங்கிருந்து வளர்ந்தது.

அந்தப் புனே வைத்தியரின் வேலையில் கவனிக்க வேண்டியது ஒரு நுட்பம். அவர் நெற்றித் தோலை முழுவதுமாக அறுத்தெடுக்கவில்லை. இரு புருவங்களுக்கு நடுவில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும்படி விட்டு, மற்றதைத் திருப்பிக் கீழே மூக்கின் இடத்தில் பொருத்தினார். ஒட்டியிருந்த அந்தச் சிறு துண்டு வழியாகத்தான் ரத்தம் வந்தது. ஏறத்தாழ 25 நாள் கழித்து, புதிய இடத்திலிருந்து ரத்தம் கிடைக்கத் தொடங்கிய பிறகே, அந்த இணைப்பு வெட்டப்பட்டது. மைக்ராஸ்கோப்பும் மயக்கமருந்தும் இல்லாத காலத்தில், அனுபவத்தால் மட்டும் இதை அறிந்திருந்தார்கள். மூக்கைச் சீரமைக்க நெற்றித் தோலைத் திருப்பும் முறை உலகெங்கும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒட்டுத் தோலும் ஃபிளாப்பும்

இன்று பெரிய புண்ணை மூட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தோலை மட்டும் மெல்லியதாகச் சீவியெடுத்து ஒட்டுவது. ஸ்கின் கிராஃப்ட் என்பது இதுதான். இன்னொன்று தோலை அதன் கொழுப்பு, சில சமயம் தசை, கூடவே ரத்தக்குழாய் எல்லாவற்றோடும் சேர்த்துக் கொண்டுபோவது. இதற்கு ஃபிளாப் என்று பெயர். வேர் மண் உதிரப் பிடுங்கிய நாற்றை நடுவதற்கும், மண்கட்டியோடு பெயர்த்த கன்றை நடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. முதலாவது பிழைக்க வேண்டுமானால் நடும் இடம் ஈரமாக இருந்தாக வேண்டும்.

ஒட்டுத் தோலை வழக்கமாகத் தொடையிலிருந்து எடுப்பார்கள். மேல்தோல் முழுவதும், அடித்தோலில் ஒரு பகுதியும் சேர்ந்து காகிதம் போல வரும். தொடையில் மிச்சமிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் புதுத் தோல் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடம் ஆறிவிடும். ஒட்டப்பட்ட தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்தம் கிடையாது. அடியிலிருக்கும் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகு புண்ணின் நுண்குழாய்கள் தோலிலுள்ள குழாய்களோடு இணைகின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் கட்டுப் பிரிக்கும்போது தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்.

பிடிக்காமல் போவதற்குக் காரணங்கள் மூன்று. அடியில் ரத்தம் கட்டினால் தோலுக்கும் புண்ணுக்கும் இடையே தொடர்பு போய்விடும். கிருமி சேர்ந்தால் ஒட்டு அரிக்கப்படும். உறுப்பு அசைந்தால் அப்போதுதான் முளைத்த நுண்குழாய்கள் அறுந்துபோகும். “ஐந்து நாள் அசைக்காதீர்கள், கட்டை நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள்” என்று செவிலியர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எலும்பு வெளியே தெரியும் புண்ணில், தசைநாண் திறந்து கிடக்கும் புறங்கையில், எலும்பு முறிவுக்கு வைத்த உலோகத் தகட்டின் மேல் ஒட்டுத் தோல் பிடிக்காது. அங்கே உறிஞ்ச ஈரமும் இல்லை, முளைத்துவர நுண்குழாயும் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குச் சொந்த ரத்தக்குழாயோடு வரும் ஃபிளாப்தான் வேண்டும்.

தோல் உரிந்த கைக்கு, இடுப்புக்குக் கீழே தொடை மடிப்புப் பகுதியிலிருந்து ஃபிளாப் எடுக்கும் முறையை மெக்ரிகோரும் ஜாக்சனும் 1972இல் விவரித்தார்கள். கையை அந்த இடத்தோடு சேர்த்துத் தைத்து ஏறக்குறைய மூன்று வாரம் அப்படியே வைத்திருப்பார்கள். கை புது ரத்தத் தொடர்பை உண்டாக்கிக்கொண்ட பிறகு பிரித்தெடுப்பார்கள். கை இடுப்போடு கட்டப்பட்டிருக்கும் ஒருவரை வார்டில் பார்த்தால் பயம் வேண்டாம். அந்த மூன்று வாரச் சிரமம்தான் அவருடைய கையைக் காப்பாற்றுகிறது.

1960இல் அமெரிக்காவில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் மைக்ராஸ்கோப்பின் கீழ் மிகச் சிறிய ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு சதையைக் காத்திருந்து நகர்த்த வேண்டிய அவசியம் பல இடங்களில் இல்லாமல் போனது. தொடையின் பக்கவாட்டிலிருந்து தோலை அதன் தமனி, சிரையோடு முழுதாக அறுத்தெடுத்து, கணுக்காலில் வைத்து, அங்குள்ள தமனி சிரைகளோடு இணைத்துவிடலாம். முதல் சில நாட்கள் செவிலியர் மணிக்கு மணி வந்து அந்தத் தோலின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். வெளிறிக் குளிர்ந்தால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்தால் சிரை அடைத்திருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் நள்ளிரவு ஆனாலும் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அறுந்த விரலை ஒட்டும்போது

1962இல் பாஸ்டனில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு, ரயில் விபத்தில் தோளருகே அறுந்த ஒரு சிறுவனின் கையை மீண்டும் பொருத்தியது. 1965இல் ஜப்பானின் நாரா நகரில் கொமட்சுவும் தமாயும் முழுதாக அறுந்த கட்டைவிரலை ஒட்டிக்காட்டினார்கள். விரலின் தமனி சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுதான் இருக்கும். அதைத் தைக்கும் நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

அறுவையில் ஒரு வரிசை உண்டு. முதலில் எலும்பைக் கம்பி போட்டு நிலைநிறுத்துவார்கள். பிறகு தசைநாண்கள், தமனி, நரம்பு, சிரை, கடைசியில் தோல். எலும்பு ஆடாமல் இருந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் குழாயில் போட்ட தையல் நிற்கும். ஒரே விரலுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். பல விரல்கள் என்றால் இரவு முழுவதும் ஆகும்.

எல்லா விரலையும் ஒட்ட முடியாது, ஒட்டவும் கூடாது. கூரான கத்தியால் நேராக அறுந்தது ஒட்ட எளிது. பிரஸ்ஸில் நசுங்கியதும் பெல்ட்டில் மாட்டிப் பிய்ந்ததும் கடினம், ஏனென்றால் ரத்தக்குழாய் அறுந்த இடத்தில் மட்டுமல்லாமல் நெடுந்தூரம் உள்ளே சிதைந்திருக்கும். கட்டைவிரல் அறுந்தால் முடிந்தவரை ஒட்டவே பார்ப்பார்கள். பிடிப்பதற்கும் கிள்ளுவதற்கும் அதுதான் ஆதாரம், கையின் வேலையில் ஏறக்குறைய பாதி அதனுடையது. குழந்தையின் விரலையும், ஒரே கையில் பல விரல்கள் போனதையும் காப்பாற்ற முயல்வார்கள். ஒற்றை விரல் நசுங்கிப் போயிருந்தால், விறைத்து நிற்கும் விரலைவிட நன்றாக மூடப்பட்ட முனையே வேலைக்கு உதவும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அது அக்கறையின்மை இல்லை, நன்கு யோசித்த முடிவு.

நேரக் கணக்கை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விரலில் தசை இல்லை என்பதால் அது கொஞ்சம் தாங்கும். குளிர்ச்சி இல்லாமல் சுமார் 12 மணி நேரமும், முறையாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம் வரையும் ஒட்ட வாய்ப்புண்டு. மணிக்கட்டுக்கு மேலே அறுந்தால் கதை வேறு. அங்கே தசை இருக்கிறது. ரத்தம் கிடைக்காத தசை சுமார் 6 மணி நேரத்தில் சாகத் தொடங்கும். செத்த தசையோடு கையை ஒட்டினால் அதிலிருந்து வரும் நச்சு உயிருக்கே உலை வைக்கும்.

ஸ்டான்லியின் முக்கோணம்

வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் துறைமுகம், தண்டையார்ப்பேட்டை, அம்பத்தூர் என்று சுற்றிலும் தொழிற்பகுதிகள். கைக்காயங்கள் அங்கே வந்துகொண்டே இருந்தன. 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்காயங்களுக்கென்றே தனிச் சேவையை வளர்த்தெடுத்தார். இன்று அது கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாகவும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையாகவும் இருக்கிறது.

அங்கே பிறந்த ஒரு முறை உலகக் கை அறுவைப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு தெரிந்தால் என்ன செய்வது? எலும்பைக் குட்டையாக்கித் தோலை இழுத்து மூடிவிடலாம். ஆனால் விரல் நீளம் குறையும். ஒட்டுத் தோல் வைக்கலாம். ஆனால் நுனியில் தொட்டறியும் உணர்வு சரியாக வராது. வெங்கடசாமியும் என். சுப்பிரமணியமும் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். விரலின் பக்கவாட்டில், உள்ளங்கைப் பக்கமாக, ஒரு சாய்ந்த முக்கோணமாகத் தோலை விடுவிப்பார்கள். அந்தப் பக்கத்துத் தமனியும் நரம்பும் அந்த முக்கோணத்தோடு அறுபடாமல் ஒட்டியே இருக்கும். முக்கோணத்தை முன்னோக்கி நகர்த்தி நுனியை மூடுவார்கள். பின்னால் உண்டாகும் இடைவெளியைத் தைத்துவிடுவார்கள். விரல் நீளம் காக்கப்படுகிறது, ரத்தம் கூடவே வருகிறது, உணர்வும் கூடவே வருகிறது. புனே வைத்தியர் புருவத்தருகே விட்டுவைத்த துண்டில் இருந்த அதே அறிவு, இங்கே நரம்பையும் சேர்த்துக்கொண்டது.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. நல்ல கத்தி, உடற்கூறு பற்றிய தெளிவு, பொறுமையான கை ஆகியவை போதும். பணமில்லாத தொழிலாளிக்கு முழு நீள விரலைத் திருப்பித் தரும் முறை சென்னையின் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து உலகத்துக்குப் போனது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் பொருத்தப்பட்டன. தமிழக அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த முதல் கை மாற்று அறுவை அது. பிறர் கையை உடல் நிராகரிக்காமல் இருக்க, வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அந்தக் கையைத் தர ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே சம்மதித்திருக்க வேண்டும்.

உணர்வு இல்லாத கை

ரத்தத்துக்கு அடுத்தபடியாகக் கைக்குத் தேவை உணர்வு. இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய இடமும் தமிழ்நாடுதான். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் மடங்கிப் பறவையின் கால்நகம் போல் சுருண்டிருப்பதையும், பலருக்கு விரல்களே தேய்ந்திருப்பதையும் பார்த்தார். நோய் சதையை அழுக வைக்கிறது என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டுபிடித்தது வேறு. நோய் நரம்பைத் தாக்கி வலி உணர்வைப் போக்குகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண் பட்டதை அறியாமலே வேலை செய்கிறார்கள். விரல்கள் அழிவது திரும்பத் திரும்பப் படும் இந்தக் காயங்களால்தான்.

செயலிழந்த தசையின் வேலையை நன்றாக இருக்கும் வேறொரு தசைக்கு மாற்றிவிடும் அறுவையை அவர் இந்தக் கைகளில் 1940களின் இறுதியிலிருந்து செய்தார். முன்கையிலுள்ள ஒரு தசைநாணை எடுத்து விரல்களில் இணைத்தால், சுருண்ட விரல்கள் நீண்டு பொருளைப் பிடிக்கும். கை திறந்ததும் மனிதர்கள் வேலைக்குப் போனார்கள், ஊருக்குள் திரும்பினார்கள். அவர் கண்ட பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. உணர்வு மரத்த பாதத்தைத் தினமும் கண்ணால் பார்த்துப் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

காலைக் காப்பதா, எடுப்பதா?

சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் தினமும் போகிறவர்களுக்கு விபத்துகள் புதிதல்ல. முழங்காலுக்குக் கீழே முன்புறம் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதையே இல்லை. அதனால் லாரி ஏறினால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிடும். அத்தகைய காலை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பது மருத்துவரின் மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று. காப்பாற்ற முடிந்த காலை எடுத்துவிட்டால் அது அநியாயம். காப்பாற்ற முடியாத காலோடு பல மாதம் போராடி, பல அறுவைகளுக்குப் பின் எடுத்தால் குடும்பமே கடனில் மூழ்கிப்போகும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை 2006இல் வெளியிட்டார்கள். ரத்தக் குழாய் அறுபடாத திறந்த முறிவுகளுக்கானது அது. தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே சேத மதிப்பெண் தருவார்கள். வயது, சர்க்கரை நோய், காயத்தில் கலந்த அழுக்கு போன்றவற்றுக்கு மேலும் மதிப்பெண் சேரும். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காக்கலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. இடையில் இருந்தால் அனுபவமுள்ள குழு கூடி முடிவெடுக்கும். பல நாடுகளில் இந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலேயே ஒன்றாக நின்று காயத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

பிறவியிலேயே வருவது

உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால், கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்துவிட்டாள், கிரகணத்தன்று காய் நறுக்கிவிட்டாள் என்று நம் பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள். அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் குற்ற உணர்வோடு இருக்கிறாள். நடந்தது என்ன? கருவில் முகம் தனித்தனி மடிப்புகளாகத் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்தே உருவாகிறது. மேலுதடு ஏழாம் வாரத்துக்குள்ளும், அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள்ளும் சேர்ந்து முடிந்துவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் வேளையில் உதடு உருவாகியே முடிந்திருக்கும். மரபணுவும் சூழலும் சேர்ந்து இந்தச் சேர்க்கையைத் தடுக்கலாம். சில வலிப்பு மருந்துகள், புகை, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

உதட்டைச் சீரமைப்பது தோலை இழுத்துத் தைக்கும் வேலை அல்ல. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை, பிளவில் அறுந்து மூக்கின் அடியில் தவறான இடத்தில் ஒட்டியிருக்கும். அதை விடுவித்து, இரு முனைகளையும் சேர்த்தால்தான் குழந்தை உதட்டைக் குவிக்கும், சிரிக்கும்போது முகம் கோணாது. உதட்டு அறுவை வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்குள் நடக்கும். அண்ண அறுவை 9 முதல் 18 மாதத்துக்குள். பேச்சு வளர்வதற்கு முன்பே அண்ணம் மூடப்பட வேண்டும். தள்ளிப்போட்டால் காற்று மூக்கு வழியே போகும் பேச்சு பழகிவிடும், பிறகு மாற்றுவது கடினம். பிளவண்ணக் குழந்தைகளுக்குக் காதில் நீர் கோப்பதும் வழக்கம். அதனால் காது மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பல் மருத்துவர் எல்லோரும் பல ஆண்டுகள் கூடவே வர வேண்டும்.

விரல்கள் ஒட்டிப் பிறப்பதும் இது போன்றதே. கருவில் கை முதலில் துடுப்பு வடிவில் இருக்கிறது. விரல்களுக்கு நடுவிலுள்ள செல்கள் எட்டாம் வாரத்துக்குள் தாமாக அழிந்து விரல்கள் பிரிகின்றன. அழியாவிட்டால் ஒட்டியே இருக்கும். பிரிக்கும் அறுவையில் ஒட்டுத் தோல் தேவைப்படுவதைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்படுவார்கள். காரணம் எளிது. தனித்தனியாக நிற்கும் இரண்டு விரல்களைச் சுற்ற வேண்டிய தோல், ஒன்றாக இருந்த விரல்களைச் சுற்றியிருந்த தோலைவிட அதிகம்.

பிறக்கும்போது சரியாக இருந்து பின்னால் வரும் முகக் குறைகளும் உண்டு. 2022இல் ஆவடிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் முகச் சிதைவு செய்திகளில் வந்தது. தமிழக அரசின் ஏற்பாட்டில், பூந்தமல்லிக்கு அப்பால் தண்டலத்திலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவளுக்குப் பல மணி நேர அறுவை நடந்தது. பாரி ராம்பெர்க் நோய் என்று இதற்குப் பெயர். முகத்தின் ஒரு பக்கத்தில் கொழுப்பும் தசையும், சிலருக்கு எலும்பும் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கி, சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு நின்றுவிடும். காரணம் இன்னும் தெளிவாகவில்லை. உடலின் வேறு இடத்திலிருந்து கொழுப்பையோ ரத்தக்குழாயோடு கூடிய சதையையோ கொண்டுவந்து முகத்தோலுக்கு அடியில் வைத்து நிரப்புவதே சிகிச்சை. பல ஆண்டுகள் முகத்தை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்கு இது அழகு சமாச்சாரம் அல்ல.

தையல் பிரித்த பிறகு

அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதே பலர் கையை இழக்கக் காரணமாகிறது. தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் தைத்தால் விரல் நுனிக்கு உணர்வு வர ஆறு மாதம் ஆகலாம். தைத்த தசைநாணை அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். எந்த நாளில் எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார், அதன்படி நடக்க வேண்டும். தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கும், மூட்டு மடங்கிவிடும். ஸ்பிளின்ட் போட்டுக்கொள்வதும் பயிற்சியும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு இத்தனை மாதம் வீட்டிலிருப்பது பெரிய பாரம். அதனால்தான் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருக்கிறதா என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையோடு, வேலை செய்ய முடியாத காலத்துக்கான உதவியும் அதில் உண்டு.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பிறவிக் குறையுள்ள குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. உதட்டுப் பிளவும் அதில் அடக்கம். பணம் இல்லை என்பதற்காகக் குழந்தையின் அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பது

விரல் அறுந்தால் பதறி ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டுங்கள், கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். கம்பியாலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டாதீர்கள், அது நல்ல சதையின் ரத்தத்தையும் நிறுத்திவிடும். அறுந்த விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, பட்டால் சதை உறைந்து செத்துவிடும். பாலிலும் ஸ்பிரிட்டிலும் போடக் கூடாது. நசுங்கியிருக்கிறதே என்று வீசிவிடவும் கூடாது, ஒட்ட முடியாத விரலிலிருந்தும் தோலோ நரம்போ பயன்படக்கூடும். காயம்பட்டவருக்குக் காபி, தண்ணீர், பீடி, சிகரெட் எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால்தான் மயக்கம் கொடுப்பது பாதுகாப்பு. புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். 108 ஆம்புலன்ஸை அழைத்து, விரல் அறுந்திருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லி, கை அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சிறிய மருத்துவமனைகளுக்கு அலைவதில்தான் பொன்னான நேரம் போகிறது.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். மாவு, மை, பற்பசை எதையும் பூசாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது காயமே படாமல் பார்த்துக்கொள்வது. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 21ஆம் பிரிவில் வகுத்தது. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு இருந்தால், இயக்குபவரின் கை பிரஸ்ஸுக்குள் இருக்க வழியில்லை. உற்பத்தி வேகத்துக்காக அந்தத் தடுப்பைக் கழற்றச் சொல்லும் முதலாளியும், கூடுதல் துண்டுக்காக அதை ஓரங்கட்டும் தொழிலாளியும் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவமனையும் பிறந்தபோது இருந்த கையை அப்படியே திருப்பித் தருவதில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பிரஸ் ஓடும் ஒவ்வொரு கூடத்திலும் தடுப்பு இருக்கட்டும், முதலுதவிப் பெட்டியில் சுத்தமான துணியும் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும், மேலே சொன்ன முறையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.